கன்றுத் தோலுக்குப் பத்து ஷில்லிங்

1934இல் ஐரிஷ் அரசு தன் விவசாயிகளுக்கு ஒரு ஊக்கத்தொகை அறிவித்தது. பிறந்த கன்றைக் கொன்று, தோலை உரித்துக் கொண்டுவந்து கொடுத்தால், தோல் ஒன்றுக்குப் பத்து ஷில்லிங். கறியை என்ன செய்தீர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. தோல் போதும்.

இரண்டு லட்சம் கன்றுகள் அளவில் இப்படிக் கொல்லப்பட்டன என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. நாட்டில் வறட்சி கிடையாது, மாட்டு நோய் கிடையாது. மழை வழக்கம்போலப் பெய்தது, புல் வழக்கம்போல வளர்ந்தது. தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் உருளைக்கிழங்கு அழுகியதில் பத்து லட்சம் பேர் பட்டினியால் செத்த தேசம் அது. அங்கே ஒரு அரசாங்கம் நல்ல கன்றுகளைக் கொல்லக் காசு கொடுக்கிறது என்றால், நடுவில் என்னதான் நடந்தது?

பக்கத்து நாட்டோடு ஒரு சண்டை. 1932 முதல் 1938 வரை அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் நடந்த அதை ‘பொருளாதாரப் போர்’ என்று வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார்கள். இரு நாட்டுப் படைகளும் மோதிக்கொள்ளவில்லை. சுங்கவரிதான் ஆயுதம். இப்போது தினமும் ஏதோ ஒரு நாடு இன்னொரு நாட்டின் மேல் வரி போடுவதைப் பற்றிப் படிக்கிறோம், அந்த வரியை யார் கட்டுகிறார்கள், விற்கிறவரா வாங்குகிறவரா என்று விவாதிக்கிறோம். அந்தக் கேள்விக்கு நூலைப் பிடித்துக்கொண்டே போய் விடை பார்க்க இதைவிடத் தெளிவான கதை எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு மாட்டைப் பின்தொடர்ந்தால் போதும்.

அதற்கு முன்னால் நிலத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

19ஆம் நூற்றாண்டு முழுக்க ஐரிஷ் விவசாயி குத்தகைக்காரர். நிலத்தின் சொந்தக்காரர் பெரும்பாலும் ஆங்கிலேய வம்சாவளி ஜமீன்தார், பல சமயம் லண்டனில் உட்கார்ந்திருப்பவர். குத்தகை பாக்கி வைத்தால் வெளியேற்றம். இதை எதிர்த்துப் பெரும் போராட்டங்கள் நடந்து, கடைசியில் பிரிட்டிஷ் அரசே ஒரு வழி கண்டுபிடித்தது. ஜமீன்தாருக்கு அரசு பணம் கொடுத்துவிடும், நிலம் குத்தகைக்காரருக்குச் சொந்தமாகும், அந்தக் கடனை அவர் வருஷா வருஷம் தவணையாகத் திருப்பிக் கட்டுவார். இதில் பெரிய சட்டம் 1903இல் வந்தது. தவணைக் காலம் 68 ஆண்டுகளுக்கும் மேல். அதாவது தாத்தா வாங்கிய நிலத்துக்குப் பேரன் கட்டி முடிப்பான்.

1922இல் அயர்லாந்தின் 32 மாவட்டங்களில் 26 தனி நாடாயின. ஐரிஷ் சுதந்திர அரசு என்று பெயர். ஆனால் பேரரசுக்குள் ஒரு டொமினியன், மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் உண்டு. நிலத் தவணை? அதுவும் தொடர்ந்தது. புதிய டப்ளின் அரசு விவசாயியிடம் வசூலித்து லண்டனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது, ஆண்டுக்கு 30 லட்சம் பவுண்டு அளவில். அப்போதைய தலைவர் காஸ்கிரேவ் 1923இலும் 1926இலும் லண்டனோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள் அதற்கு ஆதாரம். நாடாளுமன்றம் அவற்றுக்கு ஒப்புதல் தந்ததே இல்லை.

கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். லண்டனும் அதைத்தான் கேட்டது. டொனகால் மாவட்டத்துச் சிறு விவசாயிக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. நம்மிடமிருந்து பிடுங்கிய நிலத்தை நமக்கே விற்று, அதற்குத் தவணை வேறு வாங்குகிறார்களே என்று. பீடர் ஓ'டானல் என்ற இடதுசாரி எழுத்தாளர் 1920களின் பிற்பகுதியில் தவணை கட்டாதே என்று ஊர் ஊராக இயக்கம் நடத்தினார். ஈமன் டி வலேரா அந்தக் கோபத்தைக் கொஞ்சம் மிதமாக்கி, சட்ட வாதமாக மாற்றித் தன் கட்சியான ஃபியானா ஃபாலின் தேர்தல் வாக்குறுதியில் சேர்த்துக்கொண்டார். 1920ஆம் ஆண்டுச் சட்டம் தவணையை அயர்லாந்துக்கே விட்டுக்கொடுத்துவிட்டது, காஸ்கிரேவின் ஒப்பந்தங்கள் செல்லாது என்பது அவர் கட்சி.

1932 மார்ச்சில் டி வலேரா ஆட்சிக்கு வந்தார். ஜூன் கடைசியில் அனுப்ப வேண்டிய தவணையை அனுப்பவில்லை. பஞ்சாயத்து வைக்கலாம் என்று இருவருமே சொன்னார்கள். ஆனால் பஞ்சாயத்தார் காமன்வெல்த்துக்குள்ளிருந்துதான் வர வேண்டும் என்றது லண்டன், வெளியிலிருந்தும் வரலாம் என்றார் டி வலேரா. அதிலேயே முறிந்தது. ஜூலை நடுவில் அயர்லாந்திலிருந்து வரும் மாடு, வெண்ணெய், முட்டை, பன்றி இறைச்சி எல்லாவற்றின் மேலும் பிரிட்டன் 20% வரி போட்டது. வராத தவணையை வரியாகத் துறைமுகத்திலேயே பிடித்துக்கொள்வோம் என்பது கணக்கு. டப்ளினும் விடவில்லை. பிரிட்டிஷ் நிலக்கரிக்கு டன்னுக்கு 5 ஷில்லிங், சிமென்ட்டுக்கும் இரும்புக்கும் இயந்திரங்களுக்கும் வரி.

இதில் ஒரு சமமின்மை இருக்கிறது. அயர்லாந்தின் ஏற்றுமதியில் 90 சதவீதத்துக்கு மேல் பிரிட்டனுக்குத்தான் போனது. பிரிட்டனுக்கு அயர்லாந்து பல வாடிக்கையாளர்களில் ஒன்று.

இப்போது மாட்டுக்கு வருவோம்.

ஐரிஷ் மாட்டு வியாபாரம் ஒரு நீண்ட சங்கிலி. தெற்கே கார்க், லிமெரிக் பக்கம் கறவை மாடு வைத்திருப்பவர்களுக்குப் பால்தான் வருமானம், கன்று உபரி. அந்தக் கன்றுகளை மற்ற பகுதிகளின் சிறு விவசாயிகள் வாங்கி, புல்லும் வைக்கோலும் போட்டு ஒன்றிரண்டு வருஷம் வளர்ப்பார்கள். எலும்பு வளர்ந்திருக்கும், சதை பிடித்திருக்காது. அவற்றைச் சந்தையில் மீத் மாவட்டத்துப் பெரிய மேய்ச்சல் பண்ணையார் வாங்கி, நாட்டிலேயே கொழுமையான புல்லில் விட்டுக் கொழுக்கவைத்து, டப்ளின் துறைமுகத்தில் கப்பலேற்றுவார். சில மாடுகள் கொழுக்காமலே கப்பலேறி இங்கிலாந்துப் பண்ணைகளில் கொழுக்கும். ஒரு மாடு பிறந்து லிவர்பூலில் இறங்குவதற்குள் மூன்று நான்கு கை மாறிவிடும்.

20% வரி சீக்கிரமே 40% ஆனது. பிறகு தலைக்கு இவ்வளவு என்று ஆக்கினார்கள். இரண்டு வயது தாண்டிய மாட்டுக்கு 6 பவுண்டு. வசதிக்கு ஒரு கணக்குப் போடுவோம். லிவர்பூலில் மாடு 14 பவுண்டுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் (14 நான் உதாரணத்துக்குப் போட்டது, 6 மட்டும் நிஜம்). வரி வந்ததால் அங்கே விலை 20 ஆகுமா? ஆகாது. அர்ஜென்டினாவிலிருந்து குளிரூட்டிய இறைச்சி வருகிறது, ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது, இங்கிலாந்திலேயே மாடு இருக்கிறது. உலகம் முழுக்க மந்தம் வேறு. ஐரிஷ் வியாபாரி விலையேற்றினால் வாங்குகிறவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஆக, விலை 14தான். அதில் 6 சுங்கத்துக்கு. வியாபாரி கைக்கு 8.

வியாபாரி சும்மா நஷ்டப்படுவாரா? பண்ணையாரிடம் அந்த 6 பவுண்டைக் குறைத்துத்தான் வாங்குவார். பண்ணையார் தன் புல்லுக்கும் கூலிக்கும் ஆன செலவைக் கழித்துப் பார்த்துவிட்டு, கன்றை வளர்த்துக் கொடுத்தவரிடம் குறைப்பார். அவர் கன்று விற்றவரிடம் குறைப்பார். இப்படிப் பின்னால் தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் கன்றிடம் வந்து நிற்கும். கன்றுக்குப் பின்னால் யாரும் இல்லை. அதன் விலை பூஜ்யம் ஆனது. வளர்க்க ஆகும் செலவைப் பார்த்தால் பூஜ்யத்துக்கும் கீழே.

ஆனால் கன்று பிறப்பதை நிறுத்த முடியாது. மாடு ஈன்றால்தான் பால். வெண்ணெய் விவசாயம் படுத்துவிடக் கூடாது என்று அரசு வேறு அதற்குத் தனியாக ஆதரவு விலை கொடுத்துக்கொண்டிருந்தது. பால் வேண்டும், பாலோடு வரும் கன்று வேண்டாம். நம்ம ஊரில் ஜெர்சி மாடு வைத்திருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. காளைக்கன்று பிறந்த வீட்டில் யார் முகத்திலும் சிரிப்பு இருக்காது. அயர்லாந்தில் கொஞ்ச காலத்துக்குப் பெரும்பாலான கன்றுகளின் நிலை அதுவாயிற்று. அப்போதுதான் பத்து ஷில்லிங் அறிவிப்பு வந்தது.

கதை இதோடு நின்றால் கொடூரம் மட்டும்தான். இதில் அபத்தமும் இருக்கிறது. வரியால் ஏற்றுமதி செத்துவிடக் கூடாதே என்று டப்ளின் அரசு ஏற்றுமதியாளர்களுக்கு மானியம் கொடுத்தது. அந்த மானியத்தை வாங்கிக்கொண்டு அவர்கள் பிரிட்டிஷ் துறைமுகத்தில் வரி கட்டினார்கள். அதாவது, லண்டனுக்கு ஒரு பைசா அனுப்ப மாட்டேன் என்று சண்டை பிடித்த அரசின் கஜானாவிலிருந்து பணம் விவசாயி வழியாக லண்டன் கஜானாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. வெண்ணெயில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். உள்நாட்டில் தீர்வை போட்டு, அந்தக் காசில் ஏற்றுமதிக்கு மானியம் கொடுத்தார்கள். விளைவு, ஐரிஷ் வெண்ணெய் டப்ளின் கடையைவிட லண்டன் கடையில் மலிவு.

எல்லையில் வேறு கூத்து. வட அயர்லாந்து பிரிட்டனோடு இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்துவிட்ட மாடு பிரிட்டிஷ் மாடு, அதற்கு வரி இல்லை. எல்லையோ வயல் வரப்புகளிலும் ஓடைகளிலும் வளைந்து போகும் கோடு. பெட்டிகோ என்ற ஊருக்கு நடுவில் ஒரு சின்ன ஆறு, இந்தக் கரை ஒரு நாடு, அந்தக் கரை ஒரு நாடு. இருட்டில் ஆற்றைத் தாண்டிய மாடு விடிவதற்குள் சில பவுண்டு விலை ஏறியிருக்கும். கடத்தல் நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பிரிட்டன் தரப்பை முழுக்கத் தவணைக் கோபமாகப் பார்ப்பதும் சரியல்ல. அங்கேயும் மாட்டு விலை விழுந்துகிடந்தது, உள்நாட்டு விவசாயியைக் காப்பாற்ற இறக்குமதியைக் குறைக்க வேண்டும் என்ற நெருக்கடி. 1934இல் வரியோடு கோட்டாவும் வந்தது, கொழுத்த ஐரிஷ் மாடுகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தார்கள். இது கடன் வசூல் இல்லை, உள்ளூர் மாட்டுக்காரருக்குப் பாதுகாப்பு. கடனைக் காரணம் காட்டி அதையும் சேர்த்தே செய்துகொண்டார்கள்.

இந்தச் சண்டை தொடங்கிய அதே 1932 கோடையில்தான் கனடாவின் ஒட்டாவாவில் பேரரசு நாடுகளின் பொருளாதார மாநாடு கூடியது. பேரரசுக்குள் இருப்பவர்கள் ஒருவர் சரக்குக்கு ஒருவர் சலுகை கொடுத்துக்கொள்வது என்று ஒப்பந்தங்கள் போட்டார்கள். இந்தியத் தூதுக்குழுவில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இருந்தார், ஆர். கே. சண்முகம் செட்டியார், பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர். அடிமை நாடான இந்தியா பிரிட்டனோடு கையெழுத்துப் போட்டுத் திரும்பியது. டொமினியனான அயர்லாந்தின் குழுவும் ஒட்டாவாவுக்குப் போயிருந்தது, பிரிட்டனோடு ஒப்பந்தம் இல்லாமல் திரும்பியது.

டொமினியன் விவகாரங்களுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் ஜே. எச். தாமஸ், ரயில் எஞ்சின் துடைப்பவராகத் தொடங்கித் தொழிற்சங்கத் தலைவராக உயர்ந்தவர். பணத்தைப் பொறுத்தவரை அவர் திட்டம் பலித்தது, வராத தவணையில் பெரும்பகுதி வரியாகவே வசூலானது. ஆனால் மாடு விற்காவிட்டால் விவசாயி டி வலேராவை வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்ற எதிர்பார்ப்பும் லண்டனில் இருந்தது. 1933 ஜனவரியில் டி வலேரா தானே திடீர்த் தேர்தல் வைத்தார். 153 இடங்களில் 77 பிடித்து முன்னைவிடப் பலமாக வந்தார்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் யோசிக்கவைத்த இடம் இதுதான். சங்கிலியின் கடைசியில் அடி வாங்கிய சிறு விவசாயிகளில் பெரும்பகுதி அவருக்கே ஓட்டுப் போட்டது. ஏமாந்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் அது சோம்பேறித்தனமான விளக்கம். அந்த மண்ணில் மாடு என்பது வெறும் மாடு இல்லை. பெரும் பஞ்சத்துக்குப் பிறகு குத்தகைக்காரர்களைக் காலிசெய்துவிட்டு அந்த நிலத்தில் மேய்ச்சல் விட்டார்கள். மனுஷன் இருந்த இடத்தில் மாடு வந்தது. கப்பலில் மனுஷன் அமெரிக்கா போனான், மாடு இங்கிலாந்து போனது. நிலமில்லாத கூலிக்கும் அஞ்சு ஏக்கர்க்காரருக்கும் பெரிய மேய்ச்சல் பண்ணையாரின் நஷ்டம் தங்கள் நஷ்டமாகத் தெரியவில்லை. புல்வெளியை உழுது கோதுமை போடுவோம், குடும்பங்களைக் குடியேற்றுவோம் என்று டி வலேரா சொன்னது அவர்களுக்கு நியாயமாகப் பட்டது. கோதுமைப் பரப்பு 1931இல் 21 ஆயிரம் ஏக்கர், சில வருஷத்திலேயே இரண்டு லட்சத்தைத் தாண்டியது. விற்காத மாடுகளை அரசு வாங்கி ஏழைகளுக்கு இலவச மாட்டிறைச்சி கொடுத்தது. முன்பு கறி வாங்க முடியாத வீடுகளில் கறி வெந்தது. இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

எதிர்ப்பும் சும்மா இருக்கவில்லை. போலீஸ் தலைமைப் பதவியிலிருந்து நீக்கப்பட்ட ஓ'டஃபி, நீலச்சட்டைகள் என்று ஒரு இயக்கத்துக்குத் தலைவரானார். சட்டையும் கைதூக்கும் வணக்கமும் அன்றைய இத்தாலியைப் பார்த்துச் செய்தவை. ஆனால் கிராமத்தில் அதில் சேர்ந்தவர்களில் பலருக்கு முசோலினி முக்கியமில்லை, மாட்டு விலைதான் முக்கியம். அவர்களுடைய கோபத்தின் மையம் ஒரு விஷயம். லண்டனுக்குத் தவணை போவது நின்றுவிட்டது, ஆனால் டப்ளின் அரசு விவசாயியிடம் தவணை வாங்குவதை நிறுத்தவில்லை! 1933 சட்டத்தில் பாதியாகக் குறைத்தார்கள், அவ்வளவுதான். அப்படின்னா விவசாயி இரண்டு தடவை கட்டுகிறார், துறைமுகத்தில் வரியாக ஒரு தடவை, டப்ளினுக்குப் பாதித் தவணையாக ஒரு தடவை.

கட்ட மறுத்தவர்களின் மாடுகளை அரசு ஜப்தி செய்தது. ஏலம் விட்டால் ஊர்க்காரர் யாரும் கேட்க மாட்டார். வெளியூரிலிருந்து பெயர் தெரியாத ஆட்கள் போலீஸ் காவலோடு வந்து அடிமாட்டு விலைக்கு எடுத்துப் போனார்கள். சாலையில் மரத்தை வெட்டிப் போடுவது, தந்திக் கம்பியை அறுப்பது என்று பதிலடி. 1934 ஆகஸ்டில் கார்க் நகரத்தில் மார்ஷ் யார்டு என்ற ஏல முற்றத்தின் கதவை ஒரு லாரியில் வந்தவர்கள் இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். போலீஸ் சுட்டது. ஒரு இளைஞர் செத்தார். சுட்டதும் செத்ததும் ஐரிஷ்காரர்கள்தான். ஏலத்துக்கு நின்றதும் ஐரிஷ் மாடுகள்.

அந்த வருஷக் கடைசியில் இரண்டு அரசுகளும் சத்தமில்லாமல் பேச ஆரம்பித்தன. ஏற்றுமதி 1931இல் 3.6 கோடி பவுண்டு அளவில் இருந்தது, இப்போது ஏறக்குறைய பாதி. அந்தப் பக்கம் நிலக்கரிக்காரர்கள் புலம்பினார்கள், ஐரிஷ் அடுப்புகளில் போலந்துக் கரியும் ஜெர்மன் கரியும் எரிந்துகொண்டிருந்தன. சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைக்கும் கரிமண் கட்டியையே எரியுங்கள் என்று தேசபக்திப் பிரச்சாரம் வேறு. 1935 ஜனவரியில் மாட்டுக்கு நிலக்கரி என்று ஒரு ஏற்பாடு வந்தது. பிரிட்டன் ஐரிஷ் மாட்டுக் கோட்டாவை மூன்றில் ஒரு பங்கு கூட்டும், அயர்லாந்து தன் நிலக்கரியைப் பிரிட்டனிடமே வாங்கும். வரிகள் அப்படியே இருந்தன. மாடு மட்டும் நகர ஆரம்பித்தது.

தொழில் பக்கத்தை ஓரிரு வரியில் சொல்லிவிடலாம். ஷான் லெமாஸ் என்ற அமைச்சர் வரிச் சுவருக்குப் பின்னால் செருப்பு, துணி, சர்க்கரை என்று ஆலைகளை வளர்த்தார். ஆலை வேலைகள் 1.1 லட்சத்திலிருந்து 1938க்குள் 1.66 லட்சம் ஆயின. கின்னஸ் கம்பெனியோ எதற்கு வம்பு என்று 1936இல் லண்டனிலேயே ஒரு மதுவடி ஆலையைத் திறந்துவிட்டது.

1938 ஏப்ரல் 25. டி வலேராவும் நெவில் சேம்பர்லெய்னும் லண்டனில் கையெழுத்திட்டார்கள். ஒரு கோடி பவுண்டு ஒரே தடவையாகக் கொடுத்தால் தவணைப் பேச்சு முடிந்தது. ஆண்டுக்கு 30 லட்சம் என்று இன்னும் பல பத்தாண்டுகள் போயிருக்க வேண்டிய பணம், மூன்றரை வருஷத் தவணைக்கும் குறைவான தொகையில் தீர்ந்தது. தண்டனை வரிகள் நீங்கின. 1922க்குப் பிறகும் பிரிட்டிஷ் கடற்படை வைத்திருந்த மூன்று துறைமுகங்களும் திரும்பக் கிடைத்தன. அடுத்த வருஷம் உலகப் போர் தொடங்கியபோது அயர்லாந்து நடுநிலை வகிக்க முடிந்ததற்கு அந்தத் துறைமுகங்கள் கைக்கு வந்தது முக்கியக் காரணம். சர்ச்சில் அன்றைக்கே அதைக் கண்டித்துப் பேசினார்.

கெவின் ஓ'ரூர்க் போன்ற பொருளாதார வரலாற்றாளர்கள் உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்து, பேசப்படுகிற அளவுக்குச் சேதம் இல்லை, கடைசி உடன்பாட்டையும் சேர்த்தால் அயர்லாந்துக்குப் பெரிய நஷ்டம் கிடையாது என்கிறார்கள். நாடு என்று ஒற்றை ஆளாக எடுத்துக்கொண்டால் அந்தக் கணக்கு எனக்கும் சரியாகவே படுகிறது. ஆனால் நிலக்கடன் விட்டுப்போன லாபம் அரசுக் கணக்கில் வந்தது. ஆறு வருஷம் மாட்டு விலையில் போன பணம் லிமெரிக்கிலும் மீத்திலும் தனித்தனி ஆட்களின் கையிலிருந்து போனது. அதை அவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பது பற்றி ஒப்பந்தத்தில் எதுவும் இல்லை.

ஒப்பந்தத்துக்குப் பிறகும் அயர்லாந்தின் மாடுகள் பிரிட்டனுக்குத்தான் கப்பலேறின, வேறு சந்தை கிடைக்கவில்லை. விவசாயி தன் பாதித் தவணையை டப்ளினுக்குக் கட்டுவதும் நிற்கவில்லை, இன்னும் பல பத்தாண்டுகளுக்குக் கட்டிக்கொண்டிருந்தார்.